டப்பாவின் மேல் ஊர்ப் பெயர்

உன் மகள் நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்திருந்தாள். வேலையில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. முதல் சம்பளம் வந்ததும் யாருக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தாளாம். "பெரியம்மா, எடுத்துக்கோங்க" என்று அட்டை டப்பாவை மேசைமேல் வைத்தபோதே நெய் வாசனை எழுந்துவிட்டது. நெய் மட்டும் இல்லை; சூடாக வைத்து மூடியதில் அட்டையும் சேர்ந்து வேர்த்த வாசனை. நான் டப்பாவைத் திறக்கவில்லை. என் கை தன்பாட்டுக்குப் போய், மூடியின் மேல் ஒட்டியிருந்த கடைப் பெயர்த் தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் இதைப் பார்த்துச் சிரிப்பார். "ஸ்வீட் டப்பாவுக்குத் தோலுரிக்கிற ஒரே பொம்பளை நீதான்" என்பார். கடையில் வாங்கியது எதுவானாலும் வீட்டுக்கு வந்ததும் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிவிடுவேன். ஊருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் பெயர் எதுவும் இல்லாத பையில்தான் போகும். மருமகள் சுத்தக்காரி என்று மாமியார் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்வார். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். இருபத்து நான்கு வருடமாக இந்தச் சுரண்டல் நடக்கிறது. காரணம் தெரிந்தவள் நீ ஒருத்திதான். உனக்கும் முழுசாகத் தெரியாது. முழுசாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ போய் மூன்று வருடம் ஆனபிறகு, எதிர்க் கேள்வி கேட்க நீ இல்லை என்ற தைரியத்தில் இப்போது எழுதுகிறேன். கோழைத்தனம்தான். நீ இருந்தால் அந்த வார்த்தையைத்தான் முதலில் சொல்லியிருப்பாய்.

நம் பக்கத்தில் அப்போது பெண்ணை வெளியூர் வேலைக்கு அனுப்புவதென்றால் முதல் கேள்வி என்ன வேலை என்பதல்ல. "கூட யாரு போறா?" என்பதுதான். அரியலூரில் பட்டம் முடித்த கையோடு நம் இரண்டு பேருக்கும் சென்னையில் ஒரே இடத்தில் வேலை கிடைத்தது. அமெரிக்காவில் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் காதில் மாட்டிக் கேட்டு, இங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். பேச்சை ஓட்டவும் நிறுத்தவும் காலடியில் ஒரு பெடல் இருக்கும். இதையெல்லாம் நாம் விளக்கி விளக்கிச் சொன்னோம். மீன்சுருட்டியில் என் அப்பாவோ, ஜெயங்கொண்டத்தில் உன் அப்பாவோ அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கடைசியில் இரண்டு அப்பாக்களும் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சந்தித்து, சம்பந்தம் பேசுகிற மாதிரி பேசி முடித்தார்கள். "ஒங்க பொண்ணு போனா எங்க பொண்ணும் போவும்." இரண்டு பேரும் இதையேதான் சொன்னார்களாம். நாம் பஸ் ஏறிய அன்று உன் அப்பா ஜன்னலோரம் வந்து என்னிடம் சொன்னார்: "நீ இருக்குற தைரியத்துலதாம்மா அனுப்புறேன்." அதே நேரம் அந்தப் பக்கம் என் அப்பா உன்னிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பியதும் நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரித்ததோடு சரி. அந்த வார்த்தையின் கனம் எனக்கு உறைக்கவில்லை. உனக்கு உறைத்திருந்தது.

உன் அப்பாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர். கண்ணில் எழுத்து பட்டுவிட்டால் படிக்காமல் விடமாட்டார். கடலை மடித்த தாளைக்கூட நீவி விட்டு, தமிழோ இங்கிலீஷோ, கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் போடுவார். "எங்கப்பா கையில பொட்டலத்தக் குடுக்காதடி. அவரு படிச்சு முடிக்கறதுக்குள்ள கடலை நமுத்துப் போவும்" என்று நீதான் கேலி செய்வாய்.

சென்னையில் நான் தட்டச்சு செய்த தாளில் சிவப்புத் திருத்தங்கள் கோலம் போட்டிருக்கும். உன் தாளில் ஒரு புள்ளி இருக்காது. அந்த டாக்டர்கள் மென்று விழுங்கிய வார்த்தையைக்கூட நீ பிடித்துவிடுவாய். ஹாஸ்டல் சாப்பாட்டு மேசையில் பேச்சு சுவாரசியமாகும்போது உன் வலது கால் தரையையோ என் காலையோ அழுத்தும், பேசுகிறவளை நிறுத்தித் திரும்பக் கேட்கிற மாதிரி. "பெடல் இல்லடி, என் காலு" என்று நான் கத்துவேன். ஒரு வருடம் முடியும் முன்பே, மற்றவர்கள் தட்டச்சு செய்ததைச் சரிபார்க்கும் இடத்துக்கு உன்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. அந்த இடத்துக்குப் போனால் வேலை நிரந்தரம். ஆபீஸ் வேன் ஹாஸ்டல் வாசலுக்கே வரும்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெங்களூரு வேலை வந்தது. பெரிய கம்பெனி. கண்ணாடிக் கட்டடம். மீன்சுருட்டிக்காரிக்குத் தலைகால் புரியவில்லை.

நீ தடுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாய். "ரெண்டு மாசம் பொறுடி. நிரந்தரமாயிட்டா அப்பாகிட்ட நானே பேசிக்கறேன். இப்ப நீ போயிட்டேன்னு தெரிஞ்சா அடுத்த பஸ்ஸுல வந்து நிப்பாரு." அவர்கள் உடனே சேரச் சொல்கிறார்கள், தள்ளிப்போட மாட்டார்கள் என்று நான் சொன்னேன். உண்மையில் நான் அவர்களைக் கேட்கவே இல்லை. சேர்ந்த பிறகு பக்கத்து நாற்காலிப் பெண் சொன்னாள், அவள் அவகாசம் கேட்டாளாம், கொடுத்தார்களாம். அதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன். கேட்டிருந்தால் எனக்கும் கிடைத்திருக்கும்.

நான் கிளம்பிய அன்று என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தாய். என் அப்பாவைச் சமாளிப்பது எனக்குச் சுலபம். பெங்களூருவில் சித்தப்பா வீடு இருந்தது. நம்மைப் பஸ் ஏற்றிய பிறகு இரண்டு அப்பாக்களும் பார்த்துக்கொள்ளவில்லை. உன் அப்பாவைப் பொறுத்தவரை நான் இன்னும் உன் அறையில்தான் இருக்கிறேன் என்று முடிவு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் ஹாஸ்டலுக்குப் போன் செய்வார். உன்னிடம் பேசிவிட்டு, "அந்தப் பொண்ணு எங்க, ஒரு வார்த்தை பேசுறேன்" என்பார். நீ, "குளிச்சிட்டிருக்காப்பா" என்பாய். அடுத்த வாரமும் குளியல். அதற்கடுத்த வாரமும் குளியல். "எப்பப் பாரு குளிக்கிறாளே, மெட்ராசுல அவ்வளவு தண்ணியா வருது?" என்று ஒருநாள் கேட்டாராம். நீ எனக்குப் போன் போட்டு அதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாய். நீ சொன்ன இரண்டு மாதம் நான்கு மாதமாக நீண்டது. உன்னை நிரந்தரமாக்கும் உத்தரவு கையெழுத்தாகாமல் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. பொங்கல் வந்தது.

அமெரிக்க டாக்டர்களுக்குப் பொங்கல் கிடையாது. உனக்கு லீவு இல்லை. எனக்குக் கிடைத்தது. ஊருக்கு வந்தவள் மற்றவள் வீட்டில் தலைகாட்டி, சேதி சொல்லி, அவர்கள் கட்டிக்கொடுக்கும் முறுக்கையும் முந்திரியையும் வாங்கிக்கொண்டு போவதுதான் நம் வழக்கம். நான் போகாவிட்டால்தான் சந்தேகம் வரும். நீ போனில் பாடம் நடத்தினாய்: "போயி பத்து நிமிஷம் ஒக்காந்துட்டு வா. வெறுங்கையோட போவாத. ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டு எதிர்லயே ஸ்வீட் கடை இருக்குல்ல, அதுலயே ஒரு கிலோ லட்டு வாங்கிக்க." எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாய், பாவி.

நான் சேலம் வந்து, பெரம்பலூரில் பஸ் மாறி, ஜெயங்கொண்டத்தில் இறங்கினேன். பையில் பெங்களூரு மைசூர்பாகு இருந்தது. சிவப்பு டப்பா, மேலே தங்க எழுத்தில் கடைப் பெயர், அதற்குக் கீழே ஊர்ப் பெயர்.

அவசரத்தில் மறந்துவிட்டேன், கடை மூடியிருந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று உன்னிடம் மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறேன். மூன்றும் பொய். கடை திறந்திருந்தது. வாசலில் லட்டு கோபுரமாக அடுக்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கடந்து போனேன். இந்த ஊர் லட்டை இந்த ஊர்க்காரர்களுக்கே கொடுப்பதா என்று தோன்றியது. நான் எங்கே இருக்கிறேன் என்பது யாருக்காவது தெரிய வேண்டும் என்று இருந்தது. உன் வீட்டுக்கு, எப்போதும் என்னைவிட உன்னைத்தான் கெட்டிக்காரி என்று சொன்ன அந்த வீட்டுக்கு, முக்கியமாகத் தெரிய வேண்டும் என்று இருந்தது. இதுதானடி நான் சொல்லாமல் வைத்திருந்தது. மறதி இல்லை. பவுசு.

உன் அம்மா டப்பாவை வாங்கி உள்ளே கொண்டுபோகப் பார்த்தார். உன் அப்பா கையை நீட்டினார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். மூடியைப் படித்தார். பக்கவாட்டைப் படித்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"ஏம்மா, இந்தக் கடை மெட்ராசுலயும் இருக்கா?"

அவர் எனக்கு வழி விட்டார். இன்று யோசித்தால் அது நன்றாகத் தெரிகிறது. "ஆமாங்கப்பா" என்ற ஒரு வார்த்தை போதும். அவர் அதை நம்பத் தயாராகத்தான் கேட்டார். நானோ நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இல்லங்கப்பா, நான் இப்ப பெங்களூர்ல. பெரிய கம்பெனிங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எத்தினி மாசமாம்மா?"

"நாலு மாசம் ஆச்சுங்கப்பா."

"அப்ப அது அங்க தனியாவா கெடக்கு?"

அவர் கோபப்படவில்லை. "சாப்புட்டுட்டுப் போம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். உன் அம்மா இலை போட்டுப் பொங்கல் பரிமாறினார். நான் அதையும் சாப்பிட்டேன். அந்த வெட்கக்கேட்டையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

பஸ் ஸ்டாண்டில் மஞ்சள் பலகை போட்ட டெலிபோன் பூத் இருந்தது. உன் ஹாஸ்டல் நம்பர் எனக்கு மனப்பாடம். பூத் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன்னிடம் என்னவென்று சொல்வது? மீன்சுருட்டி பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அன்று சொல்லியிருந்தால் உனக்கு ஒரு ராத்திரி கிடைத்திருக்கும். உன் மேலதிகாரியிடம் சொல்லி ஒரு கடிதமாவது வாங்கிக் கையில் வைத்திருப்பாய். உன் அப்பா மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து ஹாஸ்டல் வாசலில் நின்றபோது நீ ஒன்றும் தெரியாமல், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாயாம்.

இரண்டு நாள் கழித்து நான் போன் செய்தபோது வார்டன் அம்மாள்தான் எடுத்தார். "அவங்கப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாரும்மா. கட்டிலக்கூட வேற பொண்ணுக்குக் குடுத்தாச்சு" என்றார். அதற்கடுத்த வாரம் உன் உத்தரவு கையெழுத்தாகி வந்ததாக ஆபீஸ் சிநேகிதி சொன்னாள். அந்த வருடத்துக்குள்ளேயே உனக்கு ஆண்டிமடத்தில் கல்யாணம். உன் வீட்டுக்காரர் நல்ல மனிதர். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதுகூட எனக்கு ஒரு விதத்தில் சாக்காகப் போயிற்று. நன்றாகத்தானே இருக்கிறாள் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உன் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஆண்டிமடத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு அடித்துக் கொடுக்கப் போனாய். ஒருமுறை அங்கே வந்து உன்னைப் பார்த்தேன். பட்டா மாற்றத்துக்கு மனு கொடுக்க வந்த ஒரு பெரியவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நீ அடித்துக்கொண்டிருந்தாய். அவர் ஏதோ குழறினார். மேசைக்கு அடியில் உன் வலது கால் தரையை அழுத்தியது. அங்கே பெடல் இல்லை. நான் கத்தவில்லை. வெளியே போய் டீ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மருந்துக்கடை ஓரம் நின்று அழுதுவிட்டு வந்தேன். டீ வாங்க மறந்துபோனேன். நீ ஏன் என்று கேட்கவில்லை.

கடைசியாகத் திருச்சி ஆஸ்பத்திரியில் பார்த்தேன். மார்பில் கட்டி. கண்டுபிடித்தபோதே காலம் கடந்திருந்தது. எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் சொல்லி அனுப்பினாய். உன் தலையில் துண்டு கட்டியிருந்தது, முகம் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருங்கியிருந்தது, கேலி மட்டும் அப்படியே இருந்தது. நான் கட்டிலோரம் உட்கார்ந்து, "அன்னிக்கு அந்த ஸ்வீட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"நல்லா இருந்துச்சுடி" என்றாய்.

எனக்குப் புரியவில்லை.

"அப்பா அந்த டப்பாவக் கையோட கொண்டாந்திருந்தாரு. இது எந்த ஊருன்னு படிச்சு சொல்லுன்னு ஹாஸ்டல் வாசல்லயே நீட்டுனாரு. திரும்பி வரையில பஸ்ஸுல ரெண்டு பேருக்கும் பசி. அவரு வேணாம்னுட்டாரு. விருத்தாசலம் தாண்டறதுக்குள்ள நான் பாதிய முடிச்சிட்டேன். நல்ல நெய்யி."

நீ சிரித்தாய். நானும் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாய். "கடை மூடியிருந்துச்சுடி அன்னிக்கு" என்று நான்காவது முறையாகப் பொய் சொன்னேன். "சரி, வுடு" என்றாய். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாய்: "எம்பொண்ண நான் தொணை வெச்சு அனுப்ப மாட்டேன். தனியாத்தான் அனுப்புவேன். தொணை போயிட்டா வேலையும் போயிருதுல்ல."

அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் நியாயம்தான்.

நீ போன பிறகு உன் மகள் ஜெயங்கொண்டத்தில் தாத்தா வீட்டில் இருந்துதான் கல்லூரிக்குப் போனாள். அவளுக்குப் பெங்களூருவில் வேலை கிடைத்ததும் உன் அப்பா அதே கேள்வியைத்தான் கேட்டாராம்: "கூட யாரு?" அவள் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அவர் சம்மதித்துவிட்டார். என் பெயரைக் கேட்டுமா சம்மதித்தார் என்று எனக்கே ஆச்சரியம். இங்கே வந்து இரண்டாம் நாள் அவள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "பெரியம்மா, ஆபீஸ் பக்கத்துலயே ஒரு லேடீஸ் ஹாஸ்டல் பாத்திருக்கேன். அங்க இருந்துக்கறேன். அப்பாகிட்ட சொல்லிட்டேன், சரின்னுட்டாரு. தாத்தாகிட்ட மட்டும் ஒங்க வூட்டுல இருக்கேன்னு சொல்லுவீங்களா?"

உன் குரல். அதே இழுப்பு. சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்குப் போன் வந்தது. உன் அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பேத்தியிடம் செல்போன் இருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார். போன மூன்று வாரமும், கடைக்குப் போயிருக்கிறாள், தூங்குகிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று சமாளித்தேன். இன்று, "புள்ள எங்கம்மா?" என்று அவர் கேட்டதும் யோசிக்காமல் வாயில் வந்தது:

"குளிச்சிட்டிருக்காங்கப்பா."

அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, பெங்களூர்லயும் அவ்வளவு தண்ணியா வருது?"

அவர் தொடர்ந்தார். "இருக்கட்டும், இருக்கட்டும். இருக்கான்னு நீ சொன்னா எனக்குச் சரிதான். அதுபாட்டுக்கு வேலையப் பாக்கட்டும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அன்னிக்கு நீ கொண்டாந்த டப்பாவ நான் படிக்காம வுட்டுருக்கலாம்மா. பாழாப்போன கண்ணு."

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கண்மேல் தப்பில்லை, படிக்க வேண்டும் என்றுதான் நான் கொண்டுவந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கிழவர் இருபத்து நான்கு வருடமாக அதைத் தன் தப்பாகவே சுமந்திருக்கிறார். நான் "ஒடம்பப் பாத்துக்கங்கப்பா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்தப் பூத் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே ஆள்தான் நான். வயது மட்டும்தான் கூடியிருக்கிறது.

உன் மகள் கொண்டுவந்த டப்பா இன்னும் பிரிக்காமல் மேசைமேல்தான் இருக்கிறது. நேற்று நான் சுரண்டிய ஓரத்தைக் கோந்து தடவி மறுபடியும் ஒட்டினேன். கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, ஆனால் கடைப் பெயரும் ஊர்ப் பெயரும் படிக்கும்படியாகத்தான் இருக்கின்றன. வருகிற சனிக்கிழமை சேலம் பஸ் ஏறி, பெரம்பலூரில் மாறி, ஜெயங்கொண்டத்தில் இறங்குகிறேன். அன்று ஸ்வீட் கடை திறந்திருந்ததை உன் அப்பாவிடம் சொல்லப் போகிறேன். வேறு பையில் மாற்றாமல், அந்த டப்பாவை அப்படியே அவர் கையில் கொடுக்கப் போகிறேன். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்து முடிக்கும்வரை இந்தத் தடவை எழுந்து போகமாட்டேன்.